கேகாலை 1915: கடைக்கு ஈடு உண்டு, உயிருக்கு?

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்த நாட்களில், "கொள்ளையர் சுட்டுக்கொலை" என்ற தலைப்பை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இறந்தவர் கொள்ளையர்தானா என்று நான் கேட்டதில்லை. சுட்டவர் சொன்னார், நாங்கள் அச்சிட்டோம். பின்னாளில் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தத் தலைப்பு என்னை உறுத்த ஆரம்பித்தது.

அவ்வாண்டு மே 28 இரவு கண்டியில் தொடங்கிய சிங்கள - முஸ்லிம் கலவரம் சில நாட்களில் சப்ரகமுவ மாகாணத்துக்கும் பரவியது. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் றப்பர்த் தோட்டங்கள் பெருகியிருந்த காலம் அது. தமிழகக் கரையிலிருந்து வந்த தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் தோட்டங்களையும் கிராமங்களையும் ஒட்டிக் கடைகள் வைத்திருந்தனர். உலகப்போரால் விலைவாசி ஏறியிருந்தது. கோபம் அந்தக் கடைகளின் மீது பாய்ந்தது. அரசாங்கக் கணக்கின்படி தீவு முழுவதிலும் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. இந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சர் ராபர்ட் சால்மர்ஸ் மேல் மாகாணத்திலும் சப்ரகமுவவிலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கொள்ளையடிப்போர் மீது தயங்காமல் சுடலாம் என்றாயிற்று. இராணுவத்தோடு தோட்டத் துரைமார் உள்ளிட்ட ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்கேந்திக் கிராமங்களுக்குள் சென்றனர். நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலேயே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கலாமா என்ற கேள்விக்கு அப்போதே சட்டத்தில் விடை இருந்தது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அந்த உரிமையைச் சில வேளைகளில் மட்டுமே தருகிறது: வன்முறையோடு கூடிய கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீயிடல், மரணத்தையோ கொடுங்காயத்தையோ அஞ்ச வேண்டிய திருட்டு போன்றவை. அப்போதும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. நள்ளிரவில் கடைக்கதவு உடைபடும்போது உள்ளே குடும்பத்தோடு நடுங்கி நின்ற வணிகர் திருப்பித் தாக்கியிருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். கலகம் ஓய்ந்தபின் ஒருவனைப் பிடித்து வைத்துச் சுடுவதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அது விசாரணையில்லாத தண்டனை.

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அதே 1915இல் கலவர நட்டஈட்டுச் சட்டம் வந்தது. சூறையாடப்பட்ட கடைகளுக்கான ஈடு அந்தந்தப் பகுதி மக்களிடம் அறவிடப்பட்டது. அதே ஆண்டில் இன்னோர் ஆணையும் பிறந்தது. இராணுவச் சட்டக் காலத்தில் ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்தோடு செய்த செயல்களுக்காக எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்றது அது. போன சொத்துக்கு வழி பிறந்தது. போன உயிருக்கு நீதிமன்றக் கதவே அடைபட்டது.

சட்டநிரூபண சபையில் இதை உரத்துக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவரது வாதங்கள் 1916இல் லண்டனில் நூலாயின. முஸ்லிம்களின் துயரத்துக்கு அவரது வாதத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் விசாரணையின்றி எவரையும் கொல்லலாகாது என்ற அவரது கோரிக்கை அதனால் பொய்யாகிவிடவில்லை. சால்மர்சுக்குப் பின் 1916இல் ஆளுநராக வந்த சர் ஜோன் அண்டர்சன் காலத்தில், கேகாலை மாவட்டத்தில் நடந்த சில சுட்டுக்கொலைகள் விசாரணைக்கு எடுக்கப்பட்டன. இறந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

சூறையாடப்பட்ட கடையை மீண்டும் கட்டலாம். அரிசி மூட்டைக்கு விலை உண்டு. கொல்லப்பட்டவன் கொள்ளையனா, வேடிக்கை பார்க்க நின்றவனா என்பதை அவன் இறந்தபின் அவனிடம் கேட்டறிய முடியாது. அந்தத் தலைப்பை எழுதிய ஒவ்வோர் இரவும், விசாரிக்காமலே தீர்ப்பெழுதியவர்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.