சியாமாசெட்டியின் மூன்றாவது செட்டை

போன வருசம் ஒரு பின்னேரம், விறாந்தையில் இருந்து போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன விமானங்கள் சில மேலே ஏறி, தலைகீழாகப் புரண்டு, கரணம் அடித்து இறங்குகின்றன. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருந்தேன். குசினிக்குள் நிண்ட அம்மம்மா வெளியே வந்தா. முதலில் வானத்தைப் பார்த்தா, பிறகுதான் என்னைப் பார்த்தா.

“என்ன மோனை அது, சியாமாசெட்டியே?”

“இல்லை அம்மம்மா, இது வெளிநாட்டில சனத்துக்குச் சாகசம் காட்டுற பிளேன்.”

கொஞ்ச நேரம் நிண்டு கேட்டா. “அதின்ர சத்தம் மாதிரித்தான் கிடக்கு. ஆனா அது இதைவிடக் கீச்செண்டு கூவும்” எண்டு சொல்லிப்போட்டு உள்ளே போயிட்டா.

வீடியோவுக்குக் கீழே இருந்த பெயரைத் தேடிப் பார்த்தேன். பெல்ஜியம் விமானப்படையின் ‘ரெட் டெவில்ஸ்’ சாகசக் குழு. விமானம், சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப்.260. எங்கட சனத்தின் வாயில் சியாமாசெட்டியாக மாறியது அந்தப் பெயர்தான். அம்மம்மாவின் காது பிழைக்கவில்லை. கூவல் வித்தியாசம் எண்டு அவ சொன்னதும் சரி. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. விளையாட்டுக்கெண்டு செய்த ஒரு விமானத்தின் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் மாற்றின கதை.

மிலானில் பிறந்த விளையாட்டு விமானம்

இத்தாலியில் ஸ்ரெலியோ ஃபிராற்றி எண்டு ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். சின்ன, வேகமான, பார்க்க வடிவான விமானங்கள் அவரது கைவண்ணம். 1955 இல் முதலில் பறந்த அவரது ‘ஃபால்கோ’வை இண்டைக்கும் விமானப் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள். 1964 ஜூலையில் அவரது இன்னொரு விமானம் மிலானில் பறந்தது. பெயர் எஃப்.250. அதில் இருந்தது 250 குதிரைவலு எஞ்சின். பிறகு சியாய் மார்க்கெட்டி நிறுவனம் அதை எடுத்து, 260 குதிரைவலு எஞ்சின் பூட்டி, எஸ்.எஃப்.260 எண்டு விற்றது.

காசுள்ள ஒருவர் தன் சந்தோசத்துக்கு வாங்கி ஓட்டும் விமானமாகத்தான் அது தொடங்கியது. அமெரிக்காவில் ‘வாக்கோ மீற்றியோர்’ எண்ட பெயரில் தனியாருக்கு விற்கப்பட்டது. இறக்கை நுனிகளில் இரண்டு எண்ணெய்த் தாங்கிகள், உள்ளே மடங்கும் சில்லுகள். கரணம் அடிக்கும்போது புவியீர்ப்பின் 6 மடங்கு பாரத்தைத் தாங்கும் உடம்பு. இந்த உடம்பை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

ஒரு புரொப்பெல்லர் என்ன செய்யும்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நிண்டு வள்ளங்களைப் பார்த்த ஆளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. புரொப்பெல்லரின் செட்டை எவ்வளவு சரிந்திருக்கிறதோ, ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் வள்ளத்தைத் தள்ளும். நல்லாய்ச் சரிந்த செட்டை ஓட்டத்துக்கு நல்லது, ஆனால் பாரம் ஏற்றினால் எஞ்சின் திணறும். குறைவாய்ச் சரிந்தது பாரத்தை இழுக்கும், ஆனால் வேகம் வராது. சனமும் சாமானும் ஏற்றுற வள்ளமும், வெறுமையாய் ஓடுற வள்ளமும் ஒரே புரொப்பெல்லரைக் கேட்காது.

1903 இல் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைற் சகோதரர்களும் முதலில் கப்பல் புரொப்பெல்லர்களைப் பற்றித்தான் படித்தார்கள். ஆனால் கப்பல்காரர் செய்து செய்து பார்த்துக் கண்டுபிடித்தவர்களே தவிர, கணக்குப் போட்டு வைத்தவர்கள் இல்லை. ஆகவே ரைற் சகோதரர்கள் தாங்களே கணக்குப் போட்டார்கள். புரொப்பெல்லர் எண்டது சுழலுகிற ஒரு இறக்கை எண்டது அவர்கள் கண்ட உண்மை.

பறக்கும்போதே செட்டையின் சரிவை மாற்ற முடிந்தால்? மேலே ஏறும்போது ஒரு சரிவு, நேரே ஓடும்போது இன்னொரு சரிவு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிராங்க் கால்ட்வெல் எண்ட பொறியியலாளரின் குழு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த கட்டமாக, எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றுமாறு சரிவைத் தானாகவே மாற்றும் புரொப்பெல்லர் வந்தது. இதன் பெறுமதியை 1940 இல் பிரித்தானியா கண்டது. ஜேர்மனியின் வான்தாக்குதல் தொடங்கும் நேரம், டி ஹவிலண்ட் நிறுவனத்தின் ஆட்கள் விமானத்தளம் தளமாகப் போய், இரண்டு மாதம்கூட ஆகாமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிற்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்குப் புது வகைப் புரொப்பெல்லரைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதே விமானம், அதே எஞ்சின். ஆனால் வேகமாய் மேலே ஏறியது.

சாகச விமானத்துக்கு இதோடு வேறு பிரச்சினையும் உண்டு. சுழலுகிற பம்பரத்தைச் சரித்துப் பாருங்கோ, அது உங்கட கையோடு மல்லுக்கட்டும். புரொப்பெல்லரும் ஒரு பம்பரம்தான். 1960 இல் முதலாவது உலக சாகச விமானச் சம்பியன் ஆன செக்கோஸ்லோவாக்கியாவின் லடிஸ்லாவ் பெசாக் செய்து காட்டிய ‘லொம்சொவாக்’ எண்ட கரணத்தில் விமானம் மூக்கு வாலாகப் புரளும். அப்படிப் புரட்டும்போது பாரமான உலோகப் புரொப்பெல்லர், எஞ்சினின் கிராங்க் தண்டையே முறிக்கப் பார்க்கும். அதனால்தான் சொந்தமாய் சாகச விமானம் வைத்திருக்கிற பலர் இரண்டு செட்டை உலோகப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மரத்துக்கு மேல் ஃபைபர் போர்த்திய மூன்று செட்டைப் புரொப்பெல்லருக்கு மாறினார்கள். 1981 இல் ஜேர்மனியில் கெர்ட் மியூல்பவர் தொடங்கிய எம்.ரி. புரொப்பெல்லர் நிறுவனம் இதில் பேர்போனது.

மாற்றினால் பாரம் குறையும், ஏற்றம் கூடும், சத்தம் தணியும், தண்டு பிழைக்கும். பதிலுக்கு நேர் ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் குறையலாம், மூக்கில் பாரம் குறைந்ததால் விமானத்தின் சமநிலையைத் திருப்பிப் பார்க்கவேணும், காசும் நல்லாய்ப் போகும். ஒரு விமானச் சொந்தக்காரருக்கு இதுதான் ‘அப்கிரேட்’ கணக்கு. வாசிக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்தது.

மற்ற அப்கிரேட்

ஆனால் எஸ்.எஃப்.260 க்கு நடந்த மாற்றம் வேறு. அதை ஒரு தனியாள் தன் ஆசைக்குச் செய்யவில்லை.

1970 இல் அதன் படைத்துறை வடிவம் பறந்தது, விமானிகளைப் பழக்க. அதற்குப் பிறகு ‘வொரியர்’ எண்ட பெயரில் இன்னொன்று, இறக்கைக்குக் கீழே குண்டும் ரொக்கெற்றும் தொங்கவிடக் கொளுக்கிகளோடு. கரணம் அடிக்க எண்டு பலமாகச் செய்த அதே இறக்கை இப்ப குண்டைத் தாங்கியது. இறுக்கமாய்த் திரும்ப எண்டு செய்த உடம்பு, ஒரு ஊரைச் சுற்றிச் சுற்றி வரவும் வசதியாகிப்போனது. விலையும் ஜெற் விமானத்தைவிட மலிவு. ரொடீசியா, பிலிப்பைன்ஸ், லிபியா, சாம்பியா எண்டு பல நாடுகள் இந்த விமானத்தை வாங்கின.

1980 இல் அடுத்த மாற்றம். பிஸ்ரன் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன டேர்பைன் எஞ்சினைப் பூட்டினார்கள். அலிசன் 250, 350 குதிரைவலு. பெல் 206 ஹெலிகொப்ரரில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். பழைய எஞ்சினைவிடப் பாரம் நல்லாய்க் குறைவு எண்டதால், சமநிலைக்காக விமானத்தின் மூக்கை முன்னுக்கு நீட்டினார்கள். கூடின வலுவை உள்வாங்க இரண்டு செட்டைப் புரொப்பெல்லர் போய், மூன்று செட்டைப் புரொப்பெல்லர் வந்தது. இதற்குப் பெயர் எஸ்.எஃப்.260 ரி.பி.

1985 இல் இலங்கை விமானப்படை வாங்கியது இதைத்தான்.

1985 எண்டால் தீவாருக்கு முதலில் ஞாபகம் வருவது குமுதினி. அந்த மே 15 இல், நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணம் செய்த சனம் வெட்டிக் கொல்லப்பட்டது. கடல் பயமாகிப்போன அதே வருசம்தான் வானத்தின் பயமும் நாட்டுக்குள் வந்து இறங்கியது. 1986 இல் குடாநாட்டின் மேலே சியாமாசெட்டி குண்டு போட்டது. 1987 மே மாதம் வடமராட்சியில் நடந்த ‘ஒப்பரேஷன் லிபரேஷ’னிலும் வந்தது. 1990 ஓகஸ்டில் ஊர்காவற்றுறை, மண்டைதீவுப் பக்கம் படை இறங்கியபோது தீவுச்சனம் கடலையும் பார்த்து வானத்தையும் பார்த்து ஓடினது.

சத்தம் பிரிக்கப் பழகிய காதுகள்

அம்மம்மாவின் கூவல் கணக்குக்கு வருவம். பிஸ்ரன் எஞ்சின் எஸ்.எஃப்.260 இன் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2700 தரம் வரை சுற்றும். இரண்டு செட்டை. அப்படியெண்டால் ஒரு செக்கனுக்கு 90 அடி காற்றில் விழும். இதுதான் அந்த ‘டுர்ர்ர்’ எண்ட அடித்தொனி. மூன்று செட்டை டேர்பைன் வடிவத்தில் புரொப்பெல்லர் ஆறுதலாய்ச் சுற்றும். ஆனால் செட்டை ஒன்று கூட எண்டதால் அடித்தொனி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். அதுக்கு மேலேதான் டேர்பைனின் கூவல் வந்து சேரும். இரண்டும் ஒரே குடும்பத்துச் சத்தம், ஆனால் எங்கட ஊருக்கு வந்தது கூடக் கூவும். அம்மம்மா ஒரு வரியில் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கோ. இந்தப் புரொப்பெல்லர் ஒரே வேகத்தில் சுற்றுமாறு செய்தது எண்டு மேலே சொன்னேன். அதனால் விமானி வலுவைக் கூட்டினாலும் குறைத்தாலும் சத்தத்தின் சுருதி பெரிசாக மாறாது. ஒரே இரைச்சலாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே பங்கருக்குள் இருக்கிற ஆளுக்கு, அது குத்தி எங்களை நோக்கி வரும்போதுதான் சுருதி ஏறும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் சனம் காதைத் தீட்டி வைத்திருந்தது. ஹெலி, சகடை, சியாமாசெட்டி, பிறகு 1996 இல் வந்த கிபிர் எண்டு சின்னப் பிள்ளைகளும் பேர் சொல்லும். ஒரு தலைமுறையே பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் படித்த பாடம் அது.

எனக்கு இதில் ஆகலும் வலித்தது எண்ணெய். பிஸ்ரன் எஞ்சினுக்கு விமானப் பெற்றோல் வேணும். டேர்பைனுக்கு ஜெற் எரிபொருள், அதாவது நல்லாய்ச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். எஞ்சின் மாற்றத்தின் ஒரு இலாபமாக விற்றவர்கள் சொல்லக்கூடியதும் அதுதான். ஹெலிக்கும் இதற்கும் ஒரே எண்ணெய் போதும். 1990 இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள் வராது, பற்றறி வராது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குச் சனம் அலைந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வள்ளத்தின் எஞ்சினுக்கும் அதுதான் சீவன். கீழே விளக்குக்கு இல்லாத எண்ணெயில் மேலே விமானம் சுற்றியது.

ஆர் முடிவெடுத்தது?

இப்படிக் கதைக்கத் தொடங்கினால் “தொழில்நுட்பம் நடுநிலையானது, பாவிக்கிற ஆளைப் பொறுத்தது” எண்டு ஒரு பதில் வரும். அரைவாசி சரி. ஃபிராற்றி குண்டு போட எண்டு அந்த விமானத்தை வரையவில்லை. ஆனால் இறக்கைக்குக் கீழே கொளுக்கி தானாக முளைக்காது. ஒரு நிறுவனம் அதைப் பூட்டத் தீர்மானித்தது. இன்னொரு எஞ்சினும் இன்னொரு செட்டையும் போட்டால் சந்தை கூடும் எண்டு ஆரோ கணக்குப் பார்த்தார்கள். ஒரு அரசு அதைத் தன் சொந்த நாட்டுச் சனம் இருக்கிற இடத்துக்கு மேலே அனுப்பியது. ஒவ்வொரு படியிலும் மனிதர் முடிவெடுத்திருக்கிறார்கள். விமானத்தில் பிழை இல்லை எண்டு சொல்லும்போது இந்த மனிதரையும் சேர்த்து விடுவித்துவிடுகிறோம்.

அதுக்காகப் பறப்பதை வெறுக்கச் சொல்லவில்லை. பழைய படை விமானங்கள் சில இப்ப அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியாரிடம் இருக்கின்றன. கொளுக்கி கழன்று, பொலிஷ் பண்ணி, திரும்பக் கரணம் அடிக்கின்றன. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னையிலிருந்து வருகிற ஏ.ரி.ஆர். விமானத்தின் ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் ஆறு செட்டை. அதில் வந்து இறங்குகிற பிள்ளை செட்டை எண்ணிப் பார்த்து விளையாடலாம். அந்தச் சந்தோசம் எங்கட பிள்ளைகளுக்கும் உரியது. அவர்களுக்கு அதோடு சேர்த்து இந்தக் கதையும் தெரிந்திருக்கவேணும், அவ்வளவுதான்.

இதெல்லாம் வாசித்து முடித்தபிறகு, விமானத்தின் படம் ஒன்றை அம்மம்மாவுக்குக் காட்டினேன். மொத்த நீளம் 7 மீற்றர் சொச்சம், எங்கட மீன்பிடி வள்ளம் ஒன்றின் நீளம்தான். பக்கத்தில் ஒரு ஆள் நிண்டபடியால் அளவு நல்லாய் விளங்கியது. சத்தம் கேட்டவுடனேயே பங்கருக்குள் ஓடிப்போன அம்மம்மா அதை ஒருநாளும் கிட்டப் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டு, போனைக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தா.

“இவ்வளவு சின்னனே?” எண்டா.