ஒரு நாணயம், இரண்டு பெயர்: ‘ஹிஸ்பானிக்’ என்ற சொல் பற்றி

அமெரிக்காவில் வாழும் மெக்சிக்கோக்காரர், கியூபாக்காரர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர் எல்லோரையும் ‘ஹிஸ்பானிக்’ என்று ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் அது எங்கட வாசல்படி வரைக்கும் வந்து நிற்கிறது.

இன்றைய ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள குடாநாட்டுக்கு உரோமர் வழங்கிய பெயர் ஹிஸ்பானியா. அவர்களுக்கு முன்னரே அக்கரைக்கு வணிகம் செய்யப் போன பினீசியரின் மொழியிலிருந்து அப்பெயர் பிறந்தது என்றும், முயலைப் போன்ற ஒரு சிறு பிராணியின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். பேரரசர் ஹேட்ரியனின் நாணயங்களில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாகச் சாய்ந்திருக்க, பக்கத்தில் ஒரு முயலும் இருக்கிறது. ஹிஸ்பானியாவைச் சேர்ந்தது எதுவோ அது இலத்தீனில் ‘ஹிஸ்பானிக்கஸ்’. ஆதியில் பொருள் அவ்வளவுதான்.

711 இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்தார். முஸ்லிம்கள் அந்த மண்ணை ‘அல் அந்தலுஸ்’ என்றார்கள். ஹிஜ்ரி 98 இல் அங்கு அடித்த பொன் தீனாரைப் பாருங்கள்: ஒரு பக்கம் அரபியில் ‘அல் அந்தலுஸ்’, மறுபக்கம் இலத்தீன் எழுத்தில் ‘ஸ்பான்’. மண் ஒன்றுதான், பொன்னும் ஒன்றுதான். பெயர் மட்டும் ஆளுக்கொன்று.

அங்கிருந்த முஸ்லிம்களுக்குக் கிறிஸ்தவர் வைத்த பெயர் ‘மோரோ’. வட ஆபிரிக்காவின் மௌரித்தானியா மக்களை உரோமர் ‘மௌரி’ என்றதிலிருந்து வந்தது அது. அரபியர், பேர்பர், உள்ளூரிலேயே இஸ்லாத்தை ஏற்றோர் எல்லோரும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். 1492 இல் கிரனாடா வீழ்ந்தபின் கட்டாய ஞானஸ்நானம் பெற்றவர்கள் ‘மொரிஸ்கோ’ ஆனார்கள். அவர்களில் பலருக்கு வீட்டு மொழியே ஸ்பானியம்தான். அதை அரபு எழுத்தில் எழுதியும் வைத்தார்கள், எங்கட அரபுத் தமிழைப் போல. அப்படியிருந்தும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டார்கள். மொழி ஒன்றாயிருந்தும் பெயர் அவர்களை அந்நியராக்கிவிட்டது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஸ்பானிய மொழி வழிவந்தோரைத் தனியாகக் கணக்கெடுக்க 1976 இல் சட்டம் வந்தது. 1977 இல் ‘ஹிஸ்பானிக்’ என்ற சொல்லுக்கு அரசாங்க வரைவிலக்கணம் கொடுக்கப்பட்டது. 1980 குடிசன மதிப்பீட்டில் அந்தக் கேள்வி எல்லா வீடுகளுக்கும் போனது. எண்ணிக்கை இல்லாவிட்டால் பாடசாலை, சுகாதாரம், தொழில் எதிலும் பங்கு கேட்க முடியாதே! வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடி வழிவந்தோர் என்று எந்த இனத்தவரும் அதற்குள் வரலாம். ஆனாலும், நீ யார் என்று கேட்டால் தன் நாட்டுப் பெயரையே முதலில் சொல்வோர் அவர்களில் இன்றும் ஏராளம்.

இனி எங்கட கதைக்கு வருவோம். அதே குடாநாட்டிலிருந்து 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த போர்த்துக்கேயர், எங்கள் முன்னோரைக் கண்டதும் தங்கட ஊர்ப் பழைய பெயரையே சூட்டினார்கள். பிலிப்பைன்சில் ஸ்பானியர் செய்ததும் அதுதான். மௌரித்தானியாவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. தமிழில் ‘சோனகர்’ என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஆங்கிலப் பதிவுகளில் நிலைத்தது ‘மூர்’ என்பதே.

அந்தப் பெயரை வைத்துத்தான் பெரும் வழக்கும் நடந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். 1889 இல் எம். சி. அப்துல் ரஹ்மான் சட்டநிரூபண சபைக்கு நியமனமானார். இராமநாதனுக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுப்பு நூல் எழுதினார். அது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. சபையில் எங்களுக்கென ஓர் ஆசனம் உண்டா இல்லையா என்ற கேள்வி.

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது. பிறர் சூட்டிய பெயர் என்பதற்காக ஒன்றைத் தூக்கியெறியத் தேவையில்லை. அதைக் கொண்டு உரிமை கேட்டுப் பெற்றவர்கள் எங்கள் மூத்தோர். ஆனால் அதை யார், எங்கிருந்து கொண்டுவந்து, எதற்காக வைத்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். போர்த்துக்கேயர் காலப் பாடத்தில் அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும்.