தரங்கம்பாடி புது எருசலேம் சபை

தரங்கம்பாடி புது எருசலேம் சபை என்பது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி என்னும் கடற்கரை ஊரில் 1707ஆம் ஆண்டு உருவான சீர்திருத்தக் கிறித்தவச் சபை ஆகும். இந்தியாவில் இன்றுவரை தொடர்ந்து இயங்கிவரும் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளுள் இதுவே மிகப் பழமையானது. (இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது இதற்கு முன்னரே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் இருந்தன.) இச்சபையின் ஆலயம் புது எருசலேம் ஆலயம் எனப்படுகிறது. இது தற்போது தமிழ் நற்செய்தி லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது.

டென்மார்க் அரசர், டேனிய வணிகக் குழுமம், ஜெர்மானிய மற்றும் சுவீடிய மிஷன்கள் எனப் பலரின் ஆதரவில் இச்சபை இருந்துள்ளது. ஆதரவளித்தவர்கள் ஒவ்வொருவராக விலகிய பின்னரும் சபை கலையவில்லை. இதற்கு உள்ளூர் உபதேசியார்களும் ஆசிரியர்களும் தமிழ்ப் போதகர்களும் முதன்மைக் காரணமாவர்.

பின்னணி

1620ஆம் ஆண்டு தஞ்சாவூர் மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் தரங்கம்பாடியில் வணிகத் தளம் அமைத்தனர். அங்கு டேன்சுபர்க் கோட்டையும் கட்டப்பட்டது. ஐரோப்பியர்களின் வழிபாட்டிற்காக 1701ஆம் ஆண்டு சீயோன் ஆலயம் எழுப்பப்பட்டது. எனினும் ஏறத்தாழ 85 ஆண்டுகள் வரை உள்ளூர் மக்களிடையே சமயப்பணி செய்வதில் வணிகக் குழுமம் ஆர்வம் காட்டவில்லை.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் இப்பணிக்காக இரு ஜெர்மானியர்களை அனுப்பினார். அவர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்க், என்றிக் புளுட்சவ் ஆகியோர் ஆவர். இவர்கள் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை வந்தடைந்தனர். அப்போது சீகன்பால்க்கின் வயது ஏறத்தாழ 24. அரசரின் ஆணையைப் பெற்று வந்திருந்தும், குழுமத்தின் ஆளுநரிடமிருந்து அவர்களுக்கு எதிர்ப்பே கிடைத்தது. 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்க் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

சபையின் தோற்றம்

1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஐந்து பேர் திருமுழுக்குப் பெற்றனர். இவர்கள் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இந்த ஐவரிலிருந்தே சபையின் வரலாறு தொடங்குகிறது. அதே ஆண்டு ஆகத்து 14ஆம் நாள், மிஷனெறிகள் தங்கள் ஊதியத்தைச் செலவிட்டுக் கட்டிய சிறிய ஆலயம் புது எருசலேம் என்ற பெயரில் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் தமிழ், போர்த்துக்கேயம் ஆகிய இரு மொழிகளில் ஆராதனை நடைபெற்றது. கலப்பு வழியினரும் ஐரோப்பியர் வீடுகளில் பணிபுரிந்தவர்களும் போர்த்துக்கேயம் பேசினர். எனவே ஒரே ஆலயத்தில் இரு மொழிச் சபைகள் இயங்கின. பிள்ளைகளுக்கான பள்ளிகளும் சபையோடு சேர்ந்தே தொடங்கப்பட்டன. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்கப்பட்டது. சபையாரின் பிள்ளைகள் மறைநூலைத் தாமே படித்தறிய வேண்டும் என்பது இதன் நோக்கமாகும். 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், 1713இல் ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்து சேர்ந்தன. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பட்டது.

சபையில் சேர்வது பலருக்கு எளிதாக இருக்கவில்லை. திருமுழுக்குப் பெற்றவர்கள் குடும்பத்தையும் சொத்துரிமையையும் இழக்க நேர்ந்தது. இதனால் வேலை, உறைவிடம், பிள்ளைகளின் உணவு ஆகியவற்றுக்கு மிஷனைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மிஷனின் நிதி குறைந்த காலங்களில் சபையாரும் துன்பமடைந்தனர்.

ஆலயம்

முதல் ஆலயம் 1715ஆம் ஆண்டு கடல் சீற்றத்தால் அழிவுற்றது. பின்னர் இராசா வீதியில் புதிய ஆலயத்திற்கு 1717ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. பணிகள் முடிந்து 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ஆலயம் திறக்கப்பட்டது. இன்று வழிபாட்டிற்குப் பயன்படுவது இந்தக் கட்டிடமே ஆகும்.

இவ்வாலயம் சிலுவை வடிவத் தரையமைப்பைக் கொண்டது. முகப்பில் மணிமுடியுடன் கூடிய நான்காம் பிரடெரிக்கின் பெயர் முத்திரையும் கட்டப்பட்ட ஆண்டும் காணப்படுகின்றன. 1719ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்த சீகன்பால்க் இவ்வாலயத்திற்குள் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உடன்பணியாளர் கிரண்டலர் 1720இல் இறந்தபோது அவரும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் சபை தன் இரு தலைவர்களையும் இழந்தது.

தமிழ்ப் போதகர்கள்

தரங்கம்பாடியின் டேனியப் பகுதி மிகச் சிறியது. அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சாவூர் மராத்திய மன்னரின் ஆட்சிப் பகுதி தொடங்கியது. அங்கே ஐரோப்பியர்கள் தடையின்றிச் செல்ல இயலவில்லை. ஆகவே கிராமங்களில் சபையை வளர்த்தவர்கள் தமிழ் உபதேசியார்களே ஆவர்.

கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1718ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார். முதலில் உபதேசியாராகப் பணியாற்றிய இவர், 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியாவின் முதல் இந்தியச் சீர்திருத்தப் போதகர் இவரே ஆவார். மாயவரம் வட்டாரக் கிராமங்களில் பணியாற்றிய இவர் 1745இல் காலமானார். 1741இல் தியோகு என்பவர் இரண்டாவது தமிழ்ப் போதகரானார். 1746இல் அருகிலுள்ள பொறையாரில் பெத்லகேம் ஆலயம் கட்டப்பட்டது.

சாதிச் சிக்கல்

சபையின் வரலாற்றில் நீண்ட காலம் தீராதிருந்த சிக்கல் சாதி ஆகும். ஆலயத்தில் வெவ்வேறு சாதியினர் தனித்தனியே அமர்ந்தனர். ஒரே நம்பிக்கையை ஏற்றவர்கள் ஒரே பாயில் அமரலாமா என்பது சபைக்குள் விவாதப் பொருளாகவே இருந்தது.

இதற்கு இராசநாயக்கன் என்பவரின் வாழ்க்கை சான்றாகும். படைவீரராக இருந்த இவர் 1728 முதல் தஞ்சாவூர்ப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். இவருடைய முயற்சியால் பலர் சபையில் சேர்ந்தனர். ஆயினும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதால் இவருக்குப் போதகர் பட்டம் அளிக்கப்படவில்லை. இவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதியினர் தயங்குவர் என மிஷனெறிகள் அஞ்சினர். இறுதிவரை இவர் உபதேசியாராகவே இருந்து 1771இல் மறைந்தார்.

19ஆம் நூற்றாண்டிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் தம் சபைகளில் சாதி வேறுபாட்டை முற்றிலும் நீக்க ஆணையிட்டார். இதனை ஏற்காத தஞ்சாவூர்ச் சபையார் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் வந்த லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி, படிப்படியாக மாறும் என விட்டுவைத்தது. இதனால் சிலர் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து விலகி லுத்தரன் சபையில் சேர்ந்தனர். இந்நிலைப்பாடு பிற மிஷன்களின் கடும் கண்டனத்திற்கு உள்ளானது.

நிர்வாக மாற்றங்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிஷனின் மையம் திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் நகர்ந்தது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்சு 1762க்குப் பின் அந்நகரங்களிலேயே பணியாற்றினார். ஐரோப்பாவிலும் மிஷன் ஆர்வம் குறைந்தது. நெப்போலியப் போர்களின்போது ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றியதால் 1808 முதல் 1815 வரை டென்மார்க்குடனான தொடர்பு துண்டிக்கப்பட்டது. 1820இல் தஞ்சாவூர்ப் பகுதிக் கிராமச் சபைகள் ஆங்கிலேய மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன. தரங்கம்பாடிச் சபை மீண்டும் சிறியதாயிற்று. 1837இல் காலே மரபின் கடைசி மிஷனெறியான கேமரரும் காலமானார்.

1845ஆம் ஆண்டு டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்திற்கு விற்றது. ஊர் கைமாறியபோதும் சபை லுத்தரன் மரபிலேயே நீடித்தது. 1840களில் லைப்சிக் மிஷன் இதன் பொறுப்பை ஏற்றது.

முதல் உலகப்போரின்போது ஜெர்மானிய மிஷனெறிகள் ஆங்கிலேய அரசால் வெளியேற்றப்பட்டனர். சுவீடிய மிஷன் அப்பணிகளைக் கவனித்துக்கொண்டது. 1919ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தமிழ் நற்செய்தி லுத்தரன் திருச்சபை தன்னாட்சி கொண்ட திருச்சபையாக அமைக்கப்பட்டது. அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் இருந்தாலும், அதன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். முதல் பேராயர் சுவீடன் நாட்டவரான எர்னசுட்டு இயூமன் ஆவார். 1956இல் இரா. பூ. மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். சீகன்பால்க் வந்து ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கொங்குப் பகுதியுடன் தொடர்பு

தரங்கம்பாடியில் தோன்றிய லுத்தரன் மரபு தமிழகத்தின் மேற்குப் பகுதியிலும் பரவியது. கிணத்துக்கடவு வழியாகச் செல்லும் சாலையின் இரு முனைகளிலும் உள்ள கோயம்புத்தூர், பொள்ளாச்சி நகரங்களில் தமிழ் நற்செய்தி லுத்தரன் சபைகள் உள்ளன. அதே நகரங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளும் உள்ளன. ஒரே ஊரில் இரு சீர்திருத்தச் சபைகள் இருப்பதற்குக் காரணம் அவற்றின் வேறுபட்ட தொடக்கமே ஆகும். கோயம்புத்தூரில் 1830ஆம் ஆண்டு அடிசு ஐயர் தொடங்கிய இலண்டன் மிஷன் சபைகள், 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிசுடு முதலிய சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் உருவானது. தமிழ் லுத்தரன் திருச்சபை அவ்விணைப்பில் சேராமல் தனித்தே இயங்கி வருகிறது.

வழிபாடு

ஞாயிறு ஆராதனை தமிழில் லுத்தரன் வழிபாட்டு முறைப்படி நடைபெறுகிறது. பாடல்கள் இரு வகைப்படும். ஜெர்மானிய இராகங்களில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்கள் ஞானப்பாட்டுகள் எனப்படும். இவற்றுள் பலவற்றை, 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய பப்ரிசியசு மொழிபெயர்த்தார். கருநாடக இசையில் அமைந்தவை கீர்த்தனைகள் எனப்படும். கீர்த்தனைகள் இயற்றுவதில் புகழ்பெற்ற தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் (1774–1864) இளமையில் தரங்கம்பாடியில் இறையியல் பயின்றவர் ஆவார்.

அண்மைக்காலம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை தரங்கம்பாடியின் கடலோரக் குடியிருப்புகளில் பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது. முதல் ஆலயம் கடலால் அழிந்திருக்க, 1718ஆம் ஆண்டு ஆலயம் இப்பேரிடரைத் தாங்கி நின்றது. 2006ஆம் ஆண்டு சீகன்பால்க் வருகையின் 300ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. 2017இல் அவர் வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

தரங்கம்பாடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் கோட்டையுடன் சேர்த்து இவ்வாலயத்தையும் பார்வையிடுகின்றனர். எனினும் இது நினைவுச் சின்னம் மட்டுமன்று; உள்ளூர்ச் சபையார் கூடி வழிபடும் ஆலயமாகவே இன்றும் விளங்குகிறது.