துப்பாக்கி பிடித்த கை காட்டைக் காத்த கதை

வேட்டைக்காரன் விலங்குகளைக் காப்பாற்றுவான் என்றால் யார் நம்புவார்கள்? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்றுதான் சொல்வார்கள். ஆனால், ஆப்பிரிக்காவில் இந்த விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. கென்யா 1977-இல் பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு தடை செய்தது. நமீபியா வேறு வழியில் போனது. 1996-இல் அந்நாடு வனவிலங்குகளின் மீதான உரிமையைக் கிராமச் சமூகங்களுக்குக் கொடுத்தது. வேட்டைக்கு வரும் வெளிநாட்டார் கட்டும் பணத்தில் ஒரு பங்கு, திருட்டு வேட்டையைத் தடுக்கும் காவலர்களின் சம்பளத்துக்குப் போகிறது. எது சரி என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

இந்தக் கேள்வியை மலாயா எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது.

தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் 1890-களில் மலாயாவுக்கு வந்தவர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய ஆர்தர் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். ரப்பர் தோட்டம் நடத்தினார்; யானையையும் செலாடாங் எனப்படும் காட்டெருமையையும் தேடித் தேடிச் சுட்டார். அந்த வேட்டை பற்றி 1905-இல் ஒரு புத்தகமே எழுதினார். காட்டெருமை எந்த உப்பு மண்ணை நக்க வரும், காயம்பட்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் விலங்குகள் குறைவதும் மற்றவர்களுக்கு முன்பே அவர் கண்ணில் பட்டது.

அவர் மாறிய காலமும் கவனிக்கத்தக்கது. ரப்பருக்காகக் காடுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. இளங்கன்றுகளை யானை மிதித்தால் தோட்டத் துரைகளுக்கு நட்டம். தோட்டத்து லயங்களில் குடியிருந்த நம் முன்னோருக்கோ அது உயிர்ப் பயம். விலங்குகளைச் சுட்டுத் தள்ள அனுமதி கொடுங்கள் என்ற குரல் வலுத்தது. அந்தத் துரைமாரில் ஒருவரான ஹப்பேக், தம் கூட்டத்தாரையே எதிர்த்து நின்றார். பகாங்கில் வனவிலங்குக் காப்பாளர் பொறுப்பை ஏற்றார். 1925-இல் குனோங் தஹான் பகுதி வனவிலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது.

1930-இல் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைந்தபோது விசாரணைப் பொறுப்பு ஹப்பேக்கிடம் வந்தது. ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு, 1932-இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அன்றைய மலாயா ஒரே நாடு அல்ல. கூட்டு மாநிலங்களுக்கு ஒரு சட்டம், கூட்டில் சேராத மாநிலங்களுக்கு வெவ்வேறு சட்டம், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்துக்கு இன்னொரு சட்டம். விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் திருட்டு வேட்டைக்காரனுக்கும் கொம்பு வாங்கும் வியாபாரிக்கும் நன்றாகத் தெரியும். நாடு முழுவதற்கும் ஒரே நிர்வாகம் வேண்டும் என்று ஹப்பேக் வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

அறிக்கை வெளியான அதே 1932-இல் பேராக்கில் ஒரு ஜாவா காண்டாமிருகம் சுடப்பட்டது. சுட்டவர் திருடர் அல்லர். அருங்காட்சியகத்துக்காக விலங்கு சேகரித்த பெயர்பெற்ற வேட்டைக்காரர் ஆர்தர் வெர்னே. தீபகற்பத்தில் அந்த இனத்தின் கடைசி விலங்கு அதுதான் என்று கருதப்படுகிறது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது, இனம்தான் மிஞ்சவில்லை.

ஹப்பேக்கின் முயற்சிக்கு முழுப் பலன் 1938, 1939-இல் கிடைத்தது. பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் தத்தம் மாநிலத்தில் நிலம் ஒதுக்கினர். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா உருவானது. சுதந்திரத்துக்குப் பின் அதன் பெயர் தமான் நெகாரா. ஹப்பேக் 1942-இல், ஜப்பானியர் காலத்தில், இறந்தார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. 1877-இல் நீலகிரியில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சென்னை அரசு நீலகிரிக்கென்றே வேட்டைச் சட்டம் கொண்டு வந்தது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, இனப்பெருக்கக் காலத்தில் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் வந்தன. வரையாடு இன்றும் அந்த மலையில் மேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதில் ஒரு கசப்பும் உண்டு. துரை சுட்டால் விளையாட்டு, மலைவாசி கண்ணி வைத்தால் திருட்டு என்று பிரித்ததும் இதே காலம்தான். மலாயாவில் ஒராங் அஸ்லி மக்களைத் தடம் காட்டக் கூட்டிச் சென்றவர்கள், காடு யாருடையது என்று அவர்களைக் கேட்கவில்லை.

உரிமப் பணம் காவலருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் தீபகற்பத்தின் காட்டைக் காத்தது அந்தப் பணம் அல்ல. வேட்டையே கூடாது என்று நிலத்தை ஒதுக்கிய சட்டம். அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர் வேட்டைக்காரர் என்பதுதான் விந்தை.

சட்டம் மட்டும் போதாது என்பதைப் பினாங்கு மக்கள் 2010-இல் கண்டார்கள். பினாங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட ஒரு விலங்கு வியாபாரியின் பெட்டி கோலாலம்பூர் விமான நிலையத்தில் பிய்ந்து, உள்ளே 95 போவா பாம்புகள் அகப்பட்டன. பெட்டி பிய்யாமல் இருந்திருந்தால்? ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ஐந்து ஆண்டுகளானது. பின்னர் 2012-இல் அவர் விடுதலையானார். அந்த 2010-இன் இறுதியில்தான் கடுமையான புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தீபகற்பக் காடுகளில் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு சொன்னது. இப்போது கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்றும் சுற்றுக்காவலில் ஓய்வுபெற்ற இராணுவத்தினரோடு ஒராங் அஸ்லி இளைஞர்களும் சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் துரைகளுக்குத் தடம் காட்டியவர்கள்.