படிம இரைச்சல் (உள்ளரங்க விளையாட்டு ஒளிப்படம்)

படிம இரைச்சல் என்பது டிஜிட்டல் ஒளிப்படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் ஒளிர்வு, நிறப் பிசிறு. குறைந்த ஒளியில் எடுக்கும் உள்ளரங்க விளையாட்டுப் படங்களில் இது மிகுதி.

காரணம்: ஒளித்துகள்கள் சென்சாரில் சீரற்று விழுகின்றன. ஒரு படப்புள்ளியில் சராசரியாக 100 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 விழுந்தால் 1 விழுக்காடு மட்டுமே. ஐ.எஸ்.ஓ. எனும் உணர்திறன் அமைப்பை உயர்த்துவது ஒளியைக் கூட்டாது. கிடைத்த சமிக்ஞையையே பெருக்கும்.

எடுக்கும்போது: பாட்மின்டன், கூடைப்பந்து போன்றவற்றில் அசைவை உறையவைக்க 1/500 முதல் 1/1000 நொடி ஷட்டர் வேகம் தேவை. இவ்வளவு குறுகிய நேரத்தில் சென்சாரில் விழும் ஒளி குறைவு. எனவே துளை அகன்ற லென்ஸே முதல் தீர்வு: எஃப்/5.6இல் ஐ.எஸ்.ஓ. 12,800 வேண்டிய காட்சிக்கு எஃப்/2.8இல் 3,200 போதும். குறை ஒளியூட்டத்துடன் எடுத்துப் பின்னர் வெளிச்சமாக்கினால் நிழற்பகுதிகளில் இரைச்சல் மேலெழும்; ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தியேனும் சரியான ஒளியூட்டத்தில் எடுப்பதே நல்லது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதால் தொடர் படங்களில் சில இருண்டுவிடும். கேமராவின் மினுக்கத் தடுப்பு வசதி இதைக் குறைக்கும். வீரர்களின் கவனம் சிதறும் என்பதால் ஃபிளாஷ் பல போட்டிகளில் தடைசெய்யப்படுகிறது.

எடுத்தபின்: ரா கோப்பு (சென்சாரின் பதப்படுத்தாத தரவு) திருத்தத்துக்கு அதிக இடம் தரும். நிற இரைச்சலைத் தாராளமாக நீக்கலாம். ஒளிர்வு இரைச்சலை அளவுக்கு மீறிக் குறைத்தால் தோலும் சீருடை இழையும் மெழுகுபோல் வழுவழுப்பாகும்.