இயல்பு எது? விதிவிலக்கு எது?

சுருள் விண்மீன் மண்டலம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது எது? நடுவே உருண்ட ஒளிக்குவை. அதைச் சுற்றிப் படரும் கரங்கள். பாடநூல் படம் நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. பாடநூலைக் கேட்டுக்கொண்டா வானம் வடிவெடுக்கும்? எரிடானஸ் விண்மீன் குழுவின் திசையிலே உள்ள என்.ஜி.சி. 1300 என்ற மண்டலத்தைக் காணுங்கள்! மையத்தின் குறுக்கே நேரானதோர் ஒளிப்பட்டை. அதன் இரு முனைகளிலிருந்து கிளம்புகின்றன சுருள் கரங்கள்.

1918இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்திலிருந்த ஹீபர் கர்ட்டிஸ் இவற்றைத் தனியினமாகப் பிரித்தார். வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்தாற்போன்ற கிரேக்க எழுத்து ‘ஃபை’, அதையே பெயராக்கினார். 1926இல் எட்வின் ஹப்பிள் மண்டலங்களை வகைப்படுத்தினார். பட்டையுள்ளவை ‘பட்டைச் சுருள்’. பட்டையற்றவை? ‘இயல்பான சுருள்’! பெயர் சூட்டியவுடனேயே ஒன்று இயல்பாயிற்று, மற்றொன்று விதிவிலக்காயிற்று. பின்னாளில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து எண்ணினார்கள். நமக்கு அண்மையிலுள்ள சுருள் மண்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் பட்டை இருந்தது. ‘இயல்பானவை’தாம் சிறுபான்மை!

அந்தப் பட்டைதான் என்ன? செக்கின் தடிபோல மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது; ஆனால் மரத் தடியன்று, விண்மீன்களின் ஓட்டம். ஒவ்வொரு விண்மீனும் நீண்ட முட்டைவடிவப் பாதையில் செல்கிறது. சில பாதைகள் ஒரு திசையில் நீண்டு ஒன்றுகூடினால், அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அண்டைப் பாதைகளையும் தன் பக்கம் திருப்புகிறது. கூட்டம் பெருகப் பெருக ஈர்ப்பு வலுக்கிறது, பட்டை வளர்கிறது. வளர்ந்தபின் சும்மாவும் இராது! வட்டில் உள்ள வாயுவை மையத்துக்கு இழுத்துவந்து, அங்கே புதிய விண்மீன்கள் பிறக்க வழிசெய்கிறது.

1973இல் பிரின்ஸ்டனில் ஆஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் 150 முதல் 500 வரையிலான புள்ளிகளைக் கொண்டு கணிப்பொறியில் மாதிரி மண்டலங்களைச் சுழலவிட்டனர். (இன்றைய கணக்குகள் கோடிக்கணக்கான புள்ளிகளில் நடக்கின்றன.) வட்டு நிலைக்கவில்லை; விரைவிலேயே பட்டையாக நீண்டது. கேள்வி தலைகீழாயிற்று! ‘பட்டை ஏன் வந்தது?’ என்பது போய், ‘பட்டையில்லா மண்டலம் எப்படித் தப்பியது?’ என்பது வந்தது. கண்ணுக்குப் புலனாகாத பெரும் பொருள் சுற்றிலும் சூழ்ந்து வட்டைக் காக்கிறது என்றனர் அவர்கள். கரும்பொருள் உண்டு என்ற கருத்துக்கு அது வலுவூட்டியது. அந்த விடையும் முழுமையாக நிற்கவில்லை. 2002இல் அத்தனசூலா என்ற பெண் ஆய்வாளர், அதே கரும்பொருள் பட்டையின் சுழலுந்தத்தை வாங்கிக்கொண்டு அதை மேலும் வலுப்படுத்தவும் கூடும் எனக் காட்டினார். காவலன் என்று கருதப்பட்டவனே கூட்டாளி!

நம் பால்வழி மண்டலமோ? வீட்டுக்குள் இருப்பவன் வீட்டின் வடிவத்தை வெளியே நின்று பார்க்க இயலுமா? வாயுவின் ஓட்டத்தைக் கொண்டு இங்கும் பட்டை இருக்கலாம் என்று 1964இல் தெ வோகூலர் கூறினார். 1991இல் பிளிட்ஸ், ஸ்பெர்கல் இருவரும் அகச்சிவப்பு ஒளியில் அதன் அடையாளத்தைக் கண்டனர். 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் கணக்கெடுப்பு அதன் நீளம் ஏறக்குறைய 27,000 ஒளியாண்டு என்றது. நாமும் ‘விதிவிலக்கு’ வரிசையிலேதான் குடியிருக்கிறோம்!

பட்டை முதிர்ந்த மண்டலங்களுக்கே உரியது, பிரபஞ்சத்தின் இளமையில் அரிது என்று எண்ணியிருந்தனர். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் சியர்ஸ்-2112 என்ற மண்டலத்தில் பட்டை தெரிந்தது. பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 210 கோடி வயதே ஆகியிருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி அது.