விலக்கியதற்குக் காரணம் எழுதும் நிதி: கொல்லிமலை பாக்சைட்டும் அறம்சார் முதலீட்டுத் தேர்வும்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் அடிவாரத்துப் புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்தில், துறையூர்ப் பக்கம். அறப்பளீசுவரர் கோயிலருகே ஆகாய கங்கையாக விழும் ஐயாறு, காட்டுக்குள் இறங்கிப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. மேலே ஒரு மாவட்டம் அனுமதிக்கும் வேலையின் விளைவு கீழே இன்னொரு மாவட்டத்தின் நீரில் தெரியக்கூடும். முதலீட்டு நிதிகளின் அறத்தை அளக்க முனைவோருக்கும் இதே சிக்கல்தான்: லாபம் பதிவாகும் இடம் வேறு, பாதிப்பு இறங்கும் இடம் வேறு. ஆகவே நிதியின் பெயரும் மதிப்பெண்ணும் தேர்வுக்குப் போதா. எந்த நிறுவனத்தை, எந்தச் சான்றின்பேரில், ஏன் விலக்கினோம் என்று எழுத்தில் வைக்கும் நிதியே அறம்சார் நிதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொல்லிமலையின் உச்சிகளில் பாக்சைட் மேற்போர்வையாகப் படிந்திருக்கிறது. சுரங்கம் என்றாலும் குடைவது கிடையாது. மேல்மண்ணை வழித்துவிட்டுக் கனிமத்தை வெட்டி, கொண்டை ஊசி வளைவுகள் வழியே லாரிகளில் இறக்கினார்கள். 1965இல் மேட்டூரில் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) கொல்லிமலை, ஏற்காடு ஆகிய இரு மலைகளிலும் பாக்சைட் வெட்டியது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் அதை வாங்கியது. இவ்வாறு மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைக்கும் ஒரு மலை, ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமாக லண்டன் பங்குச்சந்தையில் அப்போது பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா ரிசோர்சஸின் கணக்குக்குள் சென்றது.

அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தது நார்வே. எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் அந்நாட்டு அரசு ஓய்வூதிய நிதிக்காக 2004இல் ஓர் அறநெறிக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு வேதாந்தாவின் நான்கு துணை நிறுவனங்களை ஆராய்ந்தது: தூத்துக்குடித் தாமிர ஆலையை நடத்திய ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ, சத்தீஸ்கரின் பால்கோ, ஒடிசாவின் லாஞ்சிகர் அலுமினா ஆலை. நம் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுக்களின் அறிக்கைகளும் அதற்குச் சான்றாயின. கடுமையான சுற்றுச்சூழல் சேதத்துக்கும் மனித உரிமை மீறலுக்கும் நிதி துணைபோகும் அபாயம் ஏற்கத்தக்கதல்ல என்று அது முடிவுகட்டியது. 2007 நவம்பரில் வேதாந்தா, ஸ்டெர்லைட், மால்கோ மூன்றும் பெயர் சுட்டி விலக்கப்பட்டன. பரிந்துரை முழுமையாக வெளியிடப்பட்டது. குழு பழைய குற்றத்துக்குத் தண்டனை தரவில்லை. ஒரே வகை மீறல் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப நடப்பதைக் கொண்டு இனி நடக்கப்போவதை எடைபோட்டது. தனித்தனி ஆலையாகப் பார்த்திருந்தால் இந்தத் தொடர்ச்சி கண்ணில் பட்டிருக்காது.

இந்திய முதலீட்டாளருக்கு இன்று கிடைப்பது என்ன? பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2023 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, சூழல், சமூகம், ஆளுகை (ESG) சார்ந்த பரஸ்பர நிதிகளுக்கு ஆறு உத்திகளை வகுத்தது. விலக்கல் அவற்றுள் ஒன்று. துறைக்குள் சிறந்ததைத் தேர்தல் மற்றொன்று. நிதியின் சொத்தில் குறைந்தது 80 விழுக்காடு அறிவித்த உத்திப்படி இருக்க வேண்டும். வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த உத்தியைத்தான். ‘துறையில் சிறந்தது’ என்ற வாசல் வழியாக எந்தச் சுரங்க நிறுவனமும் நுழையலாம். சக நிறுவனங்களைவிடச் சற்று மேலாக இருந்தால் போதும்.

அடுத்தது தரவு. சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு, நீடிப்புத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாகத் தருகின்றன. சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகளில் இயங்கினால் அனுமதி விவரங்களைத் தருமாறு அப்படிவம் கேட்கிறது. கொல்லிமலை போன்ற இடங்களுக்கு உயிரான கேள்வி அது. ஆனால் வெளியார் சரிபார்ப்புக்கு உட்படும் மையப் பகுதியில் உள்ளவை உமிழ்வு, நீர், ஆற்றல், கழிவு, பணியாளர் நலன் முதலிய ஒன்பது தலைப்புகளே. அனுமதி பற்றிய கேள்வி அவற்றில் இல்லை. மலையைப் பற்றிய பதிலுக்கு நிறுவனத்தின் சொல்லே சாட்சி.

விலக்கல் எதைச் சாதித்தது என்று கேட்பது நியாயமே. ஒருவர் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்குகிறார். கொல்லிமலைச் சுரங்கம் 2008 இறுதியில் நின்றது சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கலால். லாஞ்சிகர் ஆலைக்காக வேதாந்தா பாக்சைட் வெட்ட முயன்ற ஒடிசாவின் நியமகிரி மலையைக் காத்தவை 2013இல் மறுப்புத் தெரிவித்த 12 கிராம சபைகள். நார்வேயோ, 2010இல் வேதாந்தா பங்குகளை விற்ற இங்கிலாந்துத் திருச்சபையோ எந்தச் சுரங்கத்தையும் மூடவில்லை. இதை ஒப்புக்கொண்டால்தான் விலக்கலின் உண்மையான பயன் புலப்படும். வெளியிடப்பட்ட காரணம் ஒரு பொது ஆவணம். நிறுவனம் அதை மறுக்கலாம். பிற முதலீட்டாளர்கள் சோதிக்கலாம். நிலைமை மாறினால் நிதியே விலக்கலைத் திரும்பப் பெறலாம். மதிப்பெண் குறைந்ததென்று ஓசையின்றி விற்கும் நிதி இவற்றில் எதற்கும் இடம் தருவதில்லை.

ஆகவே ஒரு நிதியின் திட்ட ஆவணத்தைக் கையில் எடுப்பவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். விலக்கிய நிறுவனங்களின் பெயரும் காரணமும் அதில் உண்டா? அந்தக் காரணம் நிறுவன அறிக்கையைத் தாண்டி நீதிமன்றம், கிராம சபை, கள ஆய்வு எதையேனும் சான்றாகக் கொள்கிறதா? விலக்காமல் வைத்திருக்கும் நிறுவனங்களின் பொதுக்கூட்டங்களில் நிதி எப்படி வாக்களித்தது? கடைசிக் கேள்விக்கான விடையைக் காரணத்தோடு வெளியிடும் கடமையைச் செபி ஏற்கெனவே விதித்திருக்கிறது. முதல் இரண்டையும் கட்டாயமாக்குவதே அடுத்துச் செய்ய வேண்டிய சீர்திருத்தம்.